நன்றாக இருக்கிறது

எழுத்தாளனுக்கு நாக்கு என்று ஒன்று உண்டா என்று என் மனைவிக்குக் கடைசி வரையில் சந்தேகம். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான் என்பதை, அவள் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஒரு பன்றி விலாவின் முன்னால் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டேன்.

என் மகன் மெம்பிஸ் நகரில் இருக்கிறான். விடுமுறை நாட்களில் அந்த ஊர்க் கொல்லைப்புறங்களில் புகை எழும். அடுப்பு பற்றாமல் எழுகிற புகை அல்ல. வேண்டுமென்றே எழுப்புகிற புகை. ஹிக்கரி மரத்துண்டுகளைக் கனியவிட்டு, நெருப்பு நேரே படாமல், 225 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் விலாவை ஐந்தாறு மணி நேரம் வைத்துவிடுகிறார்கள். அதில் உள்ள கொலாஜன் என்னும் முரட்டு நார்ப்பொருள் மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகுகிறது. அவசரக்காரனுக்கு ஏற்ற சமையல் அல்ல அது. அடுப்பில் வைப்பதற்கு முன்னால் தடவுகிற பொடியில்தான் ஊருக்கு ஊர் வழக்கு!

அன்று மகன் மூன்று விலாக்களுக்கு மூன்று பொடி தடவியிருந்தான். முதலாவது மெம்பிஸ் பாணி. நிறத்துக்குப் பாப்ரிகா, அதோடு பூண்டுப் பொடி, பழுப்புச் சர்க்கரை, கொஞ்சம் காரம். 1948-இல் அங்கே உணவுக்கடை தொடங்கிய சார்லி வெர்கோஸ் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பொடியில் ஆரிகனோ மணக்கும். இரண்டாவது டெக்ஸாஸ் பாணி. ஜெர்மானிய, செக் குடியேறிகளின் இறைச்சிக் கடைகளில் வளர்ந்த வழக்கம். உப்பு, மிளகு, வேறொன்றும் இல்லை. ஆக, ஊரை விட்டு வந்தவன் எவனும் வெறுங்கையோடு வந்துவிடவில்லை.

மூன்றாவது, என் மனைவி எழுதிக் கொடுத்திருந்த குறிப்பின்படி அவன் அரைத்த பொடி. மல்லி, மிளகாய், சோம்பு, மஞ்சள்.

முதல் விலாவில் இனிப்பு முந்திக்கொண்டது. காரம் பின்னால் வந்தது. சர்க்கரையும் புகையும் சேர்ந்து மேலே நல்ல மொறுமொறுப்பு. இரண்டாவதில் இறைச்சிக்கும் புகைக்கும் நடுவே யாரும் குறுக்கிடவில்லை. தொண்டையில் மிளகு மட்டும் மெல்லச் சுட்டது. மூன்றாவதை வாயில் வைத்ததும் சொன்னேன்:

"நன்றாக இருக்கிறது."

மகன் தட்டைக் கீழே வைத்தான். "அம்மாகிட்டேயும் இப்படித்தான் சொல்வீங்க. மெல்றதுக்கு முன்னாலேயே."

நான் பதில் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருஷம் அவள் பரிமாறிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அச்சுப் பிழை திருத்திக்கொண்டே அந்த இரண்டு வார்த்தைகளைப் பிச்சை போடுவதுபோலப் போட்டிருக்கிறேன். குழந்தை அதைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறது!

இன்னொரு துண்டை எடுத்து நிதானமாக மென்றேன். நாக்கில் மஞ்சள் கசந்தது. மல்லியின் பச்சை வாடை அப்படியே இருந்தது.

"மிளகு போட்டதுதான் முதல். உங்க அம்மா பொடி மூணாவதுடா" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று எனக்கும் தெரிந்திருந்ததுதான் ஆச்சரியம். அவள் பொடியை எண்ணெயில் போட்டுக் கிளறும்போது வருகிற மணம் என் எழுதுமேஜை வரைக்கும் வரும். "பச்சை வாடை போகட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். காதில் விழுந்திருக்கிறது, மனத்தில்தான் ஏறவில்லை. அது எண்ணெய்க்கென்று பிறந்த பொடி. வெறும் புகையில் விட்டால் எப்படி வேகும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் பொடியை எண்ணெயில் இளஞ்சூட்டில் வதக்கி, ஆறவைத்துத் தடவினான். அது முதலாவதாக வந்தது என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். ஆனால் வரவில்லை. மிளகு முந்திவிட்டது, அம்மா பொடிக்கு இரண்டாம் இடம்தான்.

அதை மென்று விழுங்கிய பிறகே சொன்னேன்.