தோல்வி காணாதவர் யாவரும் வீரரா?

தோல்வியே காணாத வீரர் என்று ஒருவரைக் கேள்விப்பட்டதும் நம் உள்ளம் வியப்பில் ஆழ்ந்துவிடுகிறது. ராக்கி மார்சியானோ 49 குத்துச்சண்டைகளில் இறங்கி, 49-லும் வென்று, 1956-இல் ஓய்வு பெற்றார். மல்யுத்தத்தில் அத்தகைய புகழ் பெற்றவர் நம் நாட்டுக் காமா பயில்வான். ஆனால், தோற்காத கணக்கு ஒன்றே ஒருவரை முதல் வரிசையில் அமர்த்திவிடுமா?

எங்கள் அறந்தாங்கிப் பக்கத்தில், "என் காளை பிடிபட்டதே இல்லை" என்று யாரேனும் மார்தட்டினால் என் தாத்தா அமைதியாகக் கேட்பார்: "எந்த வாடியில அவுத்தே? அன்னைக்குக் களத்துல யாரு நின்னா?" நல்ல மாடுபிடி வீரர் நிற்காத வாடியில் பிடிபடாத காளைக்கு அவரிடம் மதிப்பில்லை.

அந்த அளவுகோலால் காமாவை அளந்து பார்த்தேன். 1910-இல் லண்டனில், தம்மைவிடப் பருத்த போலந்து வீரர் ஸிபிஸ்கோவுடன் மோதினார். எதிரி தரையோடு தரையாய்ப் படுத்துக்கொள்ள, இரண்டரை மணி நேரத்துக்கு மேலாகியும் முடிவு கிட்டவில்லை. மறுவாரம் ஸிபிஸ்கோ வராததால் வெற்றி காமாவுக்கு அளிக்கப்பட்டது. அக்காலப் பெருவீரர்களான ஹாக்கன்ஷ்மிட்டும் பிராங்க் காட்சும் அவருடன் மோதவே இல்லை. ஆகவே, கணக்கில் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது.

எனினும் 1928-இல் பாட்டியாலாவில் அதே ஸிபிஸ்கோவை மீண்டும் சந்தித்தார் காமா. இருவருக்கும் ஐம்பதை நெருங்கிய வயது. ஒரு நிமிடத்துக்குள் ஸிபிஸ்கோ வீழ்ந்தார்! முடியாமல் நின்ற போட்டிக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் களமிறங்கினாரே, அதற்காகவே அவரை முதல் வரிசையில் வைக்கிறேன்.

நானும் தோல்வி காணாதவனாக இருந்தவன்தான். பதினேழு பேர் படித்த ஊர்ப் பள்ளி வகுப்பில் நானே முதல் மாணவன். சென்ற பருவத்தில் கணிதத் தாளில் தவறிவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் இப்படித் தோற்றுவிட்டேனே என்று குமைந்து, தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இப்பத்தான்டா பெரிய வாடிக்கு வந்திருக்கே!"

வரும் ஏப்ரலில் அத்தாளை மீண்டும் எழுதுகிறேன்.