பந்து வராத பக்கம்

ஆகஸ்ட் மாசம் வந்துட்டா எங்க ஊர்ல ஒரு கூத்து நடக்கும். எங்க ஊர்னா இப்ப குப்பை கொட்டிக்கிட்டு இருக்கற ஊர், ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ். (பொறந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அதுக்கும் இந்தப் பதிவுக்கும் உள்ள சம்பந்தம் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் மட்டும்தான்.) காலேஜ் ஃபுட்பால் சீசன் ஆரம்பிக்க ரெண்டு மூணு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மதுரைக்காரர் வீட்டு கராஜ்ல கூடுவோம். அவர், ஒரு தெலுங்கு டாக்டர், எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர், அப்புறம் நான். பெரியவர் தபால் இலாகாவுல இருந்து ரிடையர் ஆனவர். ஒஹாயோ ஸ்டேட் 1968-ல சாம்பியன் ஆனப்ப நேர்ல பாத்த ஆள். அதனால அவர்தான் ஜட்ஜ். நாங்க ஆளுக்கொரு வக்கீல். சுண்டல் என் பொறுப்பு.

குவார்ட்டர்பேக் யாரு, ரிசீவர் யாரு எல்லாம் பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இழுக்கறது ஒரே விஷயம்தான். செகண்டரி எப்படி?

நிற்க. மக்களுக்குக் கொஞ்சம் விளக்கணும். இது காலால உதைக்கற ஃபுட்பால் இல்லை, கையில தூக்கிட்டு ஓடி மோதற அமெரிக்க ஃபுட்பால். தடுக்கற டீம்ல பதினொரு பேர். முன்னாடி நிக்கற மலைமாடுங்க மல்லுக்கட்டுவாங்க. கடைசியில நாலு இல்லன்னா அஞ்சு பேர், வயக்காட்டுக் காவல்காரன் மாதிரி தள்ளி நிப்பாங்க. அதான் செகண்டரி. ஓரத்துல நிக்கறவன் கார்னர்பேக், நடுவுல ஆழத்துல நிக்கறவன் சேஃப்டி. கபடியிலயும் கார்னர் உண்டு, ஆனா அங்க கை கோத்துக்கப் பக்கத்துல ஒருத்தன் இருப்பான். இங்க ஓரத்துல நிக்கறவனுக்கு நிறைய நேரம் துணைக்கு ஆளே கிடையாது. எதிர்ல வர்ற ரிசீவருக்கு தான் எங்க திரும்பப் போறோம்னு தெரியும். இவனுக்குத் தெரியாது. தெரியாமலேயே பின்னோக்கி ஓடணும், அவன் இடுப்பைத் திருப்பற அந்த நொடியில இவனும் திரும்பணும். அரை அடி பிசகினா போச்சு, எழுபது யார்டு ஓடி டச்டவுன். டிவியில அதையே நாலு கோணத்துல மெதுவாப் போட்டுக் காட்டுவாங்க.

இந்த விஷயத்துல எங்க டீமுக்குக் கொஞ்சம் திமிர் ஜாஸ்தி. சும்மா இல்லை, காரணம் இருக்கு. 2017 டிராஃப்ட்ல முதல் ரவுண்டுல மட்டும் ஒஹாயோ ஸ்டேட் செகண்டரி ஆளுங்க மூணு பேர்: லாட்டிமோர், ஹுக்கர், கான்லி. அடுத்த வருஷம் டென்சல் வார்டு நாலாவது ஆளாப் போனார். 2020-ல ஜெஃப் ஒகூடா மூணாவது. அமெரிக்காவுலயே பெஸ்ட் நாங்கதான்னு அந்த செகண்டரி பசங்க தங்களுக்குத் தாங்களே பேர் வெச்சுக்கிட்டாங்க. நாங்களும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினோம்.

அப்புறம் விழுந்துச்சு பாருங்க அடி. 2021 ஜனவரி, ஃபைனல். அலபாமாவோட டெவான்டா ஸ்மித் முதல் பாதியிலயே 12 பந்து பிடிச்சு 215 யார்டு, மூணு டச்டவுன். 52-24. அடுத்த சீசன்ல சொந்த ஊர்லயே ஆரெகன் கிட்ட தோல்வி. 2022-ல ஜிம் நோல்ஸ்னு புது டிஃபென்ஸ் கோச் வந்தார். ஆகஸ்ட் கூட்டத்துல நான்தான் பெரிய வாயா, "இந்த வருஷம் செகண்டரி இரும்புக் கோட்டை"ன்னு தீர்ப்பு எழுதினேன். நவம்பர் 26 அன்னிக்கு மிச்சிகன்காரன் எங்க ஸ்டேடியத்துக்கே வந்து, கார்னீலியஸ் ஜான்சன்ங்கற ஒரே ரிசீவரை வெச்சு 69 யார்டுக்கு ஒண்ணு, 75 யார்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு டச்டவுன் போட்டான். 45-23. கொலம்பஸ்ல அவங்க ஜெயிச்சு 22 வருஷம் ஆகியிருந்துச்சு. பெரியவர் ரெண்டு வாரம் வாசலுக்கே வரலை.

அதே டிசம்பர் 31 ராத்திரி ஜார்ஜியா கூட ஆட்டம். நாலாவது குவார்ட்டர்ல எங்க சேஃப்டி லேதன் ரேன்சம் கால் வழுக்கி விழ, ஏரியன் ஸ்மித் தனியாப் போய் 76 யார்டு டச்டவுன். 42-41ல தோத்தோம். அந்த ரேன்சம் அதே வருஷம் ஜனவரி 1ஆம் தேதி ரோஸ் பௌல் ஆட்டத்துல கால் ஒடிஞ்சு, குணமாகித் திரும்பி வந்த பையன். கராஜ்ல ஒருத்தரும் அதைப் பத்திப் பேசலை. வழுக்கினதைத்தான் பேசினோம்.

இவ்வளவு கொசுவத்தி எதுக்குன்னு கேட்டா, டென்சல் பர்க் பத்திச் சொல்லணும். அரிசோனாப் பையன். 2021-ல காலேஜுக்கு வந்த முதல் வருஷமே, முதல் ஆட்டத்துலயே கார்னர்ல இறக்கிட்டாங்க. அந்த ஆகஸ்ட்ல எங்க காகிதத்துல அவன் பேரே இல்லை. சீசன் முடியறப்ப "அடுத்த ஒகூடா இவன்தான்"னு நாங்களே பட்டம் கட்டிட்டோம். 2022-ல கொஞ்சம் தடுமாறினான், "ஒரு வருஷ அதிசயம்"னு தள்ளி வெச்சோம். 2023-ல நல்லா ஆடினான், "எனக்கு அப்பவே தெரியும்"னு நாலு பேரும் சொன்னோம். டிராஃப்டுக்குப் போயிருக்கலாம், போகலை. இன்னொரு வருஷம் ஆட வந்தான். 2024 ஆகஸ்ட்ல கராஜ்ல ஒரே கொண்டாட்டம். அலபாமாவுல முதல் வருஷத்துலயே 107 டேக்கிள் போட்ட கேலப் டௌன்ஸ் எங்ககிட்ட வந்தாச்சு. ஒரு பக்கம் பர்க், மறுபக்கம் இக்பினோசன், உள்ளே ஹேன்காக், ஆழத்துல ரேன்சம். மதுரைக்காரர் சுண்டல் தட்டை உயர்த்தி, "இதுக்கு மேல செகண்டரி செய்ய முடியாதுய்யா"ன்னார்.

இந்த இடத்துல என் பையனைக் கொண்டு வரணும்.

சின்னவன் 2023-ல ஒன்பதாம் கிளாஸ் போனப்ப ஸ்கூல் டீம்ல சேரப் போறேன்னான். தங்கமணி நாலு நாள் பேசலை. "எலும்பு ஒடிஞ்சா யாரு பாக்கறது?" நான் வேற மாதிரி. வெளிய நிதானமா முகத்தை வெச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள குத்தாட்டம் போட்டேன். ஆள் ஒல்லி, ஆனா ஓடுவான். கோச் கார்னர்ல நிறுத்திட்டார். சட்டை நம்பர் 24.

முதல் வருஷம் ஒரு ஆட்டம் பாத்துட்டு கார்ல வர்றப்ப, "இன்னிக்கு ஒண்ணுமே பண்ணலையேடா"ன்னேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டு கேக்கலை, சும்மா கேட்டேன். ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, "பந்து என் பக்கம் வரவே இல்லைப்பா"ன்னான். எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பல் தேய்க்கறப்பதான் புரிஞ்சுது. ரிசீவரை அவன் ஒட்டிக்கிட்டே ஓடினதால அந்தப் பக்கம் எறிய வழியில்லாம போயிருக்கு. அவன் ஆடினதுலயே நல்ல ஆட்டம் அதுதான். நான் முழு ஆட்டமும் பந்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

இத்தனை வருஷமா டிவியில பாக்கறதோட கோளாறு இது. கேமரா பந்து இருக்கற இடத்தைத்தான் காட்டும். ஆட்டம் தொடங்கற நேரத்துல சேஃப்டி பாதி நேரம் படத்துலயே இருக்க மாட்டான். கார்னர் பேர் நம்ம காதுல விழுதுன்னா, பெரும்பாலும் அவன் மேல பந்து போட்டு ஜெயிச்சுட்டாங்கன்னு அர்த்தம். ஒழுங்கா வேலை பாத்தவன் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க. இந்த லட்சணத்துல நாங்க கராஜ்ல உக்காந்து மார்க் போட்டுக்கிட்டு இருந்தோம்.

அடுத்த வருஷம், 2024 அக்டோபர் 12, சனிக்கிழமை. காலையில பையனுக்கு ஜூனியர் அணி ஆட்டம். எதிர் டீம்ல ஒரு நெட்டைப் பையன். ரெண்டாவது குவார்ட்டர்ல நம்மாளைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டான். அடுத்த தடவையே அதே பக்கம், அதே பையன், திரும்ப ஒரு நீளப் பந்து. எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி உக்காந்திருந்த ஒரு அப்பா, காபியைக் குடிச்சுக்கிட்டே, "24-ஐ வெளிய எடுங்கப்பா, தினம் முழுக்க அவன் மேலயேதான் போடுவாங்க"ன்னார். கத்தலை. வானிலை சொல்ற மாதிரி சொன்னார். அவர் சொன்னது சரியும் கூட. நானா இருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன். தங்கமணி என் கையைப் பிடிச்சா, எழுந்திரிச்சுடாதேன்னு.

ராத்திரி ஏழரைக்கு ஆரெகன்ல எங்க டீம் ஆட்டம். பையன் குளிச்சுட்டு வந்து சோபா ஓரத்துல தோசைத் தட்டோட உக்காந்தான். காலை ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை, நானும் கேக்கலை. ஆட்டம் ஆரம்பிச்சா, ஆரெகன்காரன் பர்க் மேலயே போடறான். ஈவன் ஸ்டூவர்ட் அன்னிக்கு மொத்தம் 7 பந்து, 149 யார்டு. பெரும் பந்துங்க எல்லாம் எங்க பத்தாம் நம்பர் பக்கம். மூணாவது தடவையோ நாலாவது தடவையோ, நான் எழுந்து நின்னுட்டேன். "யோவ், அவனை வெளிய எடுங்கய்யா! இன்னும் எத்தனை தடவைதான் போடுவான்!"

சொல்லி முடிச்சதும் தெரிஞ்சுடுச்சு. பையன் என்னைப் பாக்கவே இல்லை. தட்டை எடுத்துக்கிட்டுப் போய் சிங்க்ல போட்டான். பாதி தோசை அதுலயே இருந்துச்சு. மாடிப்படி ஏறிப் போயிட்டான். தங்கமணி என்னைப் பாத்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் பத்தாது.

32-31ல தோத்தோம். கடைசியில எங்க குவார்ட்டர்பேக் சறுக்கி உக்கார, நேரம் தீர்ந்துபோச்சு. எனக்கு அது பெருசாத் தெரியலை. மேல போய்க் கதவைத் தட்டினேன். "ம்"னான். உள்ள போனா லேப்டாப்ல காலையில நடந்த ஆட்டத்தோட வீடியோ. ஸ்கூல்ல மேல இருந்து மொத்த மைதானமும் தெரியற மாதிரி எடுப்பாங்க. அந்த ரெண்டாவது பந்தை நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கிட்டு இருந்தான். நான் ஸாரி சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள, "இங்க பாருப்பா, என் இடது கால். சீக்கிரம் திருப்பிட்டேன்"னான். பக்கத்துல உக்காந்தேன். பதினாறு தடவையாவது பாத்திருப்போம். எனக்கு ஒவ்வொரு தடவையும் கால் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. தலையாட்டினேன். ஸாரியைக் கடைசி வரைக்கும் சொல்லலை. இப்ப வரைக்கும்.

அடுத்த சனிக்கிழமையும் அவனைத்தான் கோச் இறக்கினார். பர்க்கையும் எங்க டீம் வெளிய எடுத்துடலை. நவம்பர் கடைசியில மிச்சிகன்கிட்ட 13-10ல திரும்பத் தோத்து மானம் போச்சு, அது தனிக் கதை. ஜனவரி 1 அன்னிக்கு அதே ஆரெகனை ரோஸ் பௌல்ல சந்திச்சப்ப ஒரு கட்டத்துல 34-0. ஜனவரி 20 அட்லாண்டாவுல நோட்டர் டேமை 34-23ல ஜெயிச்சு சாம்பியன். பெரியவர் அழுதார். டாக்டரும்.

ஏப்ரல்ல டிராஃப்ட். முதல் ரவுண்டுன்னு நாங்க சத்தியம் பண்ணின பர்க் பேரு முதல் நாள் வரலை, ரெண்டாம் நாளும் வரலை. மூணாம் நாள், நான் கராஜ்ல புல்வெட்டி மெஷினோட போராடிக்கிட்டு இருந்தப்ப பையன் போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். "அப்பா, அஞ்சாவது ரவுண்டு. அரிசோனா!" சொந்த ஊர் டீமே எடுத்திருக்கு. அவனோட சிரிப்பைப் பாக்கணுமே, ஏதோ இவனையே எடுத்த மாதிரி.

2025 ஆகஸ்ட்ல கூட்டம் வழக்கம்போல. ஹேன்காக், ரேன்சம், பர்க் மூணு பேரும் போயாச்சு, நோல்ஸும் வேற காலேஜுக்குப் போயிட்டார். இந்தத் தடவை பையனும் வந்தான், சுண்டல் குண்டானைத் தூக்கிக்கிட்டு. மதுரைக்காரர் விடுவாரா? "தம்பி, நீயே கார்னர் ஆடற ஆளு. நீ சொல்லு, செகண்டரி எப்படி?"

முதல் ஆட்டமே டெக்சாஸ் கூட, ஆகஸ்ட் 30. பையன் கடலைமிட்டாய் பாக்கெட்டைப் பிரிச்சுக்கிட்டே, "டெக்சாஸ் ஆட்டம் முடியட்டும் அங்கிள், பாத்துட்டு சொல்றேன்"னான்.

பெரியவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஜட்ஜ் ஐயா ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, இன்னொரு கிண்ணம் சுண்டல் கேட்டார்.

டிஸ்கி: அந்த ஆட்டத்துல டெக்சாஸுக்கு 7 பாயிண்ட்தான். 14-7ல ஜெயிச்சோம். நான் வாயே திறக்கலை :-)