நெருப்புக்கு எவ்வளவு தூரம்?

நன்னூலின் பொதுப்பாயிரத்தை என்னை மனப்பாடம் செய்யவைத்தவர் வலிகாமத்துத் தமிழ் வாத்தியார் ஒருவர். மாணாக்கன் ஆசிரியனிடத்து நிற்கவேண்டிய முறைக்குப் பவணந்தி முனிவர் நெருப்பை உவமை காட்டுகிறார். விலகிப்போனால் குளிரும், கிட்டப்போனால் சுடும். ஐயா எழுந்து வந்து என் வாங்கிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, "இவ்வளவுதான் தம்பி, தூரம்" என்றார். வகுப்பே சிரித்தது.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகளின் பின், யூதரின் மிஷ்னாவில் ஒரு பகுதியைப் படித்தபோது திடுக்கிட்டேன். அங்கும் அதே நெருப்பு! அறிஞரின் நெருப்பருகே குளிர்காயலாம், ஆனால் தணலிற் கைபட்டுவிடாமல் எச்சரிக்கையாயிரு என்ற கருத்தில் றபி எலியேசர் சொல்லிவைத்திருக்கிறார். அவர் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நன்னூல் 13ஆம் நூற்றாண்டினது. யார் யாரிடம் எடுத்தார் என்று ஆராயப் புறப்படும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க. குளிரும் நெருப்பும் எல்லா நாட்டிலும் உண்டு.

அந்த மரபில் ஆசிரியரின் இடம் மிகப் பெரிது. தந்தையின் பொருளும் ஆசிரியரின் பொருளும் ஒருங்கே காணாமற் போனால், முதலில் ஆசிரியருடையதைத் தேடவேண்டும் என்பது விதி. தந்தை இவ்வுலகுக்குக் கொணர்ந்தவர். ஆசிரியரோ மறுவுலகுக்கு வழிகாட்டுபவர். எலிசாவை வேதாகமம் ஓரிடத்தில் குறிப்பிடுவது, எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றுதான்.

இந்த எலியா, எலிசா கதைகள் தமிழில் வந்த ஒரு வழி யாழ்ப்பாணத்தினூடாக அமைந்தது. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரின் மாணவராயிருந்த நல்லூர் ஆறுமுகம், அங்கேயே ஆசிரியராகி, பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். நீறணிந்த சைவராகவே அவ்வேலையைச் செய்தார். 1847 டிசெம்பர் 31ஆம் நாள் வண்ணை வைத்தீசுவரன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டில் பாதிரியாரை விட்டு நீங்கிச் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் பட்டம் அளித்தது. பள்ளிக்கூடம், பிரசங்கம், அச்சுக்கூடம், வினாவிடை நூல் என மிஷனிடம் கற்ற கருவிகளையே மிஷனுக்கு எதிராக எடுத்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தபோது மாணவர் எதிரணியில் நின்றார். பேர்சிவலோ பின்னர் சென்னைக்குச் சென்று 'தினவர்த்தமானி' நடத்தினார். அதனால் பத்திரிகையாளர் வரிசையில் எங்களுக்கும் ஒரு முன்னோராகிறார்.

குருத்துரோகம் என்று சிலர் சொல்லக்கூடும். தல்மூதில் வரும் றேஷ் லாக்கிஷின் கதையை அவர்களுக்கு நினைவூட்டுவேன். கொள்ளைக்காரனாயிருந்த அவனைக் கல்விக்குத் திருப்பியவர் றபி யோகனான். ஒருநாள் வாளும் கத்தியும் பற்றிய வாதத்தில் அவர் பழைய தொழிலைக் குத்திக்காட்டிவிட்டார். மனம் முறிந்த சீடன் நோயுற்று இறந்தான். அவனிடத்துக்கு வந்த புதியவர் எதற்கும் தலையாட்டி மேற்கோள் காட்டினார். யோகனானுக்கு அது பொறுக்கவில்லை. தாம் ஒன்று சொன்னால் 24 மறுப்புச் சொல்லும் அந்தப் பழையவன் எங்கே என்று அழுது அலைந்து சித்தம் கலங்கினார்.

இக்கதையை என்னாற் சாவதானமாகப் படிக்க முடிவதில்லை. எண்பதுகளில் எனது வாத்தியார் இலக்கண விளக்க நூலொன்று வெளியிட்டார். நான் பத்திரிகையில் மதிப்புரை எழுதி, 11 பிழைகளை எண்ணிட்டுக் காட்டினேன். நேர்மை என்று நினைத்தேன். இளமைத் திமிரும் இருந்தது. அதன்பின் அவர் என்னோடு பேசவில்லை. நானும் போகவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது அவரும் நடந்திருக்கிறார். மறுவருடம் வன்னியில் இறந்ததை, கொழும்பில் இருந்த நான் இரண்டு வரி அறிவித்தலில் அறிந்தேன்.

சமாதான காலத்தில் ஊருக்குப் போனபோது, அவருடைய மகள் அந்நூலின் ஒரு பிரதியைத் தந்தார். இரண்டாம் பதிப்புக்கென ஐயா வைத்திருந்ததாம். ஓரங்களிற் சிவப்பு மையால் திருத்தங்கள்; நான் சொன்ன ஒன்பதை அப்படியே ஏற்றிருந்தார். இரண்டுக்கு மட்டும் மறுப்பு எழுதியிருந்தார். அவற்றில் ஒன்று சரி.