குழந்தை படித்தால்தான் செல்லும்!

ஓசூரில் காலையில் எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயில் ஏறினால் மாலையில் கொச்சி. மறுநாள் மட்டாஞ்சேரி போகலாம். அங்கே 1568-ல் கட்டிய பரதேசி யூத ஆலயம் இருக்கிறது. தரையில் நீலப்பூ வரைந்த சீனத்து ஓடுகள், மேலே கண்ணாடி விளக்குகள், எதிரே தோரா சுருள்கள் வைத்திருக்கும் பேழை.

தோரா, பதப்படுத்திய தோலில் கையால் எழுதும் யூத வேதம். மொத்தம் 3,04,805 எபிரேய எழுத்துகள். ஓர் எழுத்து பக்கத்து எழுத்தோடு ஒட்டினாலும் சுருள் செல்லாது. திருத்தும்வரை வழிபாட்டில் வாசிக்கக் கூடாது.

ஓர் எழுத்தின் வடிவத்தில் பெரியவர்களுக்கே சந்தேகம் வந்தால், எழுத்து தெரிந்த ஒரு குழந்தையிடம் காட்டுவார்கள். அர்த்தம் தெரிந்த பெரியவர் ஊகித்துப் படித்துவிடுவார். குழந்தையோ கண்ணில் தெரிவதைத்தான் சொல்லும். அது சரியாகப் படித்தால் எழுத்து செல்லும்.

சனிக்கிழமை ஆலயம் மூடியிருக்கும். நாள் பார்த்துக் கிளம்புங்கள்.