எடையும் மாற்றும்

பொன்னை நிறுத்தால் எடை தெரியும். உரைகல்லில் உரைத்தால்தான் மாற்றுத் தெரியும். 2001-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்படும்வரை நூறாண்டுக்கு மேலாகப் பொன் எடுத்த தங்கவயலில் வாழும் நமக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் உடலைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் நம்மவர் பலர் எடையையே மாற்றென்று எண்ணிவிடுகின்றனர். மருத்துவ முகாம்களிலும் கைப்பேசிகளிலும் இன்று பெரிதும் வழங்கும் பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியீட்டெண் குறித்துச் சங்க அன்பர்களுக்குச் சில சொற்கள் எழுத விழைகிறோம்.

நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கிறோம். கணக்குப் பார்ப்பது எம் தொழில்; அவ்வகையில் இக்கணக்கு எளிதே. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, உயரத்தை உயரத்தால் பெருக்கி, வரும் தொகையால் எடையை வகுக்க வேண்டும். விடை 18.5-க்குக் குறைந்தால் மெலிவு. 25 முதல் மிகை எடை. 30 முதல் உடற்பருமன். இஃது உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரையறை.

எம் இல்லத்தில் தந்தையார், தமையனார், நாம் ஆகிய மூவரும் 1.65 மீட்டர் உயரமே. தந்தையார் 52 கிலோ, எண் 19. நாம் 60 கிலோ, எண் 22. தமையனார் 74 கிலோ, எண் 27. முகாமில் தொங்கிய அட்டையின்படி முதல் இருவரும் நலமுடையோர். தமையனார் ஒருவரே குறையுடையவர்.

உண்மை நிலை வேறு. சுரங்கத்தில் பணிபுரிந்த தந்தையாருக்குப் பாறைத் தூசு நுரையீரலில் தங்கி, நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரயிலிலும் நாற்காலியிலும் பொழுது கழிக்கும் எமக்கு இரத்தப் பரிசோதனையில் நீரிழிவு வெளிப்பட்டது. பெங்களூரில் மூட்டை சுமக்கும் தமையனாருக்கோ சர்க்கரையும் இல்லை. இரத்த அழுத்தமும் இல்லை. அவர் எடை பெரும்பாலும் தசை. எனினும் அட்டையைக் கண்டு மனமுடைந்த அவர், காலை உணவை விட்டு, வெறும் வயிற்றோடு மூட்டை தூக்கத் தொடங்கினார். ஒருநாள் தலைசுற்றி அமர்ந்தபின், மருத்துவர் சொல்லியே மீண்டும் உண்ணலானார்.

இதில் எண்ணின் குற்றம் ஏதுமில்லை. 1832-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடோல்ப் கெட்லே இக்கணக்கைக் கண்டது சராசரி மனிதனின் இலக்கணத்தை அறிவதற்கே, நோயாளியைச் சோதிப்பதற்கன்று. 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் அதற்கு இப்பெயரைச் சூட்டினார். தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அக்கொழுப்பு எங்கே தங்கியுள்ளது என்று இவ்வெண் பிரித்துக் காட்டாது. வயிற்றினுள் சேரும் கொழுப்போ இன்சுலினின் வேலையைக் கெடுத்து நீரிழிவுக்கு வழிகோலுவது.

நம் நாட்டவர் இதனைச் சிறப்பாக அறிதல் வேண்டும். புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தம்மையும் தம் ஆங்கில நண்பர் ஜான் யட்கினையும் ஒப்பிட்டு 2004-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். இருவர்க்கும் எண் 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயர்க்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! மெலிந்து தோன்றும் இந்திய உடலிலும் கொழுப்பு மறைந்திருத்தல் கூடும் என்பது இதனால் விளங்கும். ஆகவேதான் இந்தியர் 23-ஐத் தொட்டதுமே விழித்துக்கொள்ள வேண்டும் என நம் மருத்துவர்கள் வரையறுத்துள்ளனர்.

அவ்வாறாயின் இவ்வெண்ணைத் தள்ளிவிடலாமோ? கூடாது. ஓர் ஊரின் நிலையை அறிய இது பயன்படும். ஒருவரது எண் மாதந்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பதும் நல்ல செய்தியே. காரணமின்றி எடை குறைந்தால் காசநோயோ நீரிழிவோ இருத்தல் கூடும். பாறைத் தூசு தங்கிய நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். ஆதலால் தந்தையாரின் எடையை மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறோம். இரண்டு கிலோ குறைந்தாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என்பது வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு.

அன்பர்கள் இல்லந்தோறும் தையற்காரர் நாடா ஒன்று வாங்கி வைத்து, இடுப்புச் சுற்றளவையும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. எமக்கு 91, தமையனாருக்கு 84. முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கொரு முறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதித்துக்கொள்வது நலம். அரசு மருத்துவமனைகளில் இதற்கு வசதி உண்டு. வேண்டுவது அரைநாள் விடுப்பு மட்டுமே.