அம்மாவின் அடுப்புக்கு மேலே ஓர் ஓட்டை!

நத்தம் பக்கம் ஒரு கிராமம். புது வீட்டுக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பியும் கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை காலை காங்கிரீட். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சமையலறை ஆகப்போகும் இடத்தில் நின்று பலகைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்த அம்மா கேட்டார்.

"ஏன் தம்பி, அடுப்புப் புகை எந்த வழியா வெளிய போகும்?"

மகனிடம் பதில் இல்லை. பிளானில் போர்ட்டிகோ இருந்தது. பூஜையறை இருந்தது. டி.வி மாட்ட ஒரு சுவர்கூட இருந்தது. சமையலறையில் கேஸ் அடுப்புக்குக் கிரானைட் மேடை, சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன். மூலையில் 'விறகு அடுப்பு' என்று எழுதி சின்னதாக ஒரு கட்டம், அவ்வளவுதான். பிளான் போட்டவர் புகையைப் பற்றி யோசிக்கவில்லை. கொத்தனாரும் யோசிக்கவில்லை. நாற்பது வருடம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று மகனுக்கும் தோன்றவில்லை.

"இனிமே எதுக்கும்மா விறகு? அதான் கேஸ் இருக்குல்ல."

"காபிக்கும் தோசைக்கும் கேஸு சரி. ஆறு பேருக்குச் சுடுதண்ணி, மாட்டுக்குக் கஞ்சி, விசேஷத்துக்குச் சோறு, எல்லாத்தையும் கேஸ்ல வெச்சா சிலிண்டர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தோட்டத்துல தென்னமட்டை சும்மாத்தானே கெடக்கு?"

மகன் பேசாமல் இருந்தார். போன மார்கழியில் மருத்துவமனையில் நடந்தது அவருக்கு நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

மூன்று வாரமாக விடாத இருமல். டாக்டர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?" என்றார். அம்மா சிரித்துவிட்டார். அடுத்த கேள்வி, "விறகு அடுப்பா?"

டாக்டர் சொன்ன பெயர் சி.ஓ.பி.டி. காற்றுக்குழாய்கள் சுருங்கி, இழுத்த மூச்சை முழுதாக வெளியே விட முடியாமல்போகும் நாள்பட்ட நோய். புகைபிடிப்பவர்களுக்கு மட்டும் வருவதல்ல, அடுப்புப் புகையும் அதைக் கொண்டுவரும். 2020-ம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் உண்டாகும் புகையால் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கெட்டுப்போனதை முழுதாகச் சரிசெய்ய முடியாது, இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, இன்ஹேலர் எழுதிக் கொடுத்து அனுப்பினார் டாக்டர்.

இத்தனைக்கும் பழைய வீடு ஓட்டு வீடு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே சந்து உண்டு. காலையில் அடுப்பு பற்றவைத்தால், தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கூரையே புகைவதுபோலத் தெரியும். அந்த வீட்டிலேயே நெஞ்சு இந்த நிலைமைக்கு வந்திருக்கிறது. காங்கிரீட் கூரையில் சந்துக்கு வழியே இல்லை. சூடான புகை மேலே போய்த் தளத்தில் முட்டும், நாலாபக்கமும் பரவும், ஆறியதும் கீழே இறங்கும். அடுப்புக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்குத்தான் வரும். பக்கத்தில் ஐந்து வயதுப் பேத்தி வேறு, அப்பத்தாவை விட்டு நகரமாட்டாள்.

மறுநாள் காலை மகனே கொத்தனாருக்குப் போன் போட்டார்.

"இப்பவாவது சொன்னீங்களே" என்றார் கொத்தனார். "தளம் போட்டப்புறம் சொல்லியிருந்தா, மெஷின் வெச்சு அறுக்கணும். எந்த இடத்துல கம்பி ஓடுதுன்னு தெரியாது. துண்டா வெட்டிப்புடும்."

ஓர் ஓட்டைதானே, குழாயை நட்டுவைத்துக் காங்கிரீட் கொட்டினால் போதும் என்றுதான் மகன் நினைத்திருந்தார். வேலை அவ்வளவு சுலபமாக இல்லை.

முதல் சிக்கல் பீம். பிளானில் அடுப்பு வரைந்திருந்த மூலைக்கு நேர்மேலே பீம் போனது. பீமில் கைவைக்கவே கூடாது. குழாயை இரண்டு முறை வளைத்துப் பீமைச் சுற்றிக் கொண்டுபோகலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால், வளைவு வந்தால் புகையின் வேகம் குறையும், அங்கேதான் கரி படியும். குழாய் எவ்வளவு நேராக நிற்கிறதோ அவ்வளவு நன்றாகப் புகையை இழுக்கும். அதனால், குழாயை வளைக்காமல் அடுப்பை இரண்டடி தள்ளிவைப்பது என்று முடிவானது. "ஜன்னல் காத்து அடுப்பு வாய்க்கு நேரா அடிக்காமப் பாத்துக்கங்க" என்று மட்டும் அம்மா சொன்னார்.

அடுத்தது ஓட்டையின் அளவு. அடுப்பிலிருந்து கிளம்பும் குழாய் 4 அங்குலம். தளத்தில் விடவேண்டியதோ 8 அங்குலம். தீ எரியும்போது குழாய் சூடாகி விரியும். காங்கிரீட் அதை இறுக்கிப் பிடித்திருந்தால் சுற்றிலும் விரிசல் விடும், ஐப்பசி மழைக்கு அந்த வழியாகவே ஒழுகும். அதனால் தகரத்தில் 8 அங்குல உறை செய்து வைத்து, நடுவே குழாயை விட்டு, இடைவெளியில் தீப்பிடிக்காத ராக்வூல் அடைப்பது என்று பேசிக்கொண்டார்கள். மாடியில் ஓட்டையைச் சுற்றி அரையடி உயரத்துக்குக் கட்டை. அதன்மேல் மழைநீர் வழிந்தோட, குழாயோடு சேர்த்துப் பாவாடைபோலச் சரிவாக ஒரு தகடு. உறை வரும் இடத்தில் கம்பியை விலக்கி, நாலு பக்கமும் கூடுதல் கம்பி கட்டினார் கம்பி கட்டுகிறவர்.

குழாய் எதில்? மீந்துபோன பி.வி.சி கிடக்கிறதே என்று ஆரம்பித்தார் ஒரு சித்தாள். அது உருகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் குழாயை அறுத்தால் பறக்கும் தூசே நுரையீரலுக்கு எமன். ஜி.ஐ குழாயில் பூசியிருக்கும் துத்தநாகம், தீக்குப் பக்கத்தில் அதிகமாகச் சூடானால் நச்சுப்புகை விடும். மிஞ்சியது எவர்சில்வர். விலையைக் கேட்ட மகன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, போர்ட்டிகோ முகப்புக்கு ஒட்டவிருந்த டைல்ஸில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

மாடியிலும் கணக்கு இருந்தது. கைப்பிடிச் சுவர் மூன்றடி. பக்கத்தில் இருக்கும் சுவரைவிடக் குழாய் இரண்டடியாவது உயர்ந்து நிற்கவேண்டும். இல்லையென்றால், சுவரில் மோதிச் சுழலும் காற்று புகையைத் திரும்பக் குழாய்க்குள்ளேயே தள்ளும். ஆக, தளத்துக்கு மேலே ஐந்தடி. உச்சியில் மழைக்கு ஒரு தொப்பி. அருகில் வரவிருந்த தண்ணீர்த் தொட்டியை எதிர்மூலைக்கு மாற்றினார்கள்.

"ஆடிக் காத்து மேக்கேயிருந்துதான் வரும். துணிக்கொடியைக் குழாய்க்குக் கிழக்கே கட்டிப்புடாதீங்க" என்றார் அம்மா. அது யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அன்று இரவு அம்மா ஒரு பழைய கதை சொன்னார். கல்யாணமாகி வந்த புதிதில், அரசாங்கத் திட்டத்தில் மாமியார் வீட்டுக்கு ஒரு புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுத்தார்களாம். 1983-ல் மத்திய அரசு தொடங்கிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் நாடு முழுக்க நடந்த காலம் அது. ஓட்டைப் பிரித்துக் குழாயும் விட்டார்கள். "முதல் வருசம் நல்லாத்தான் இழுத்துச்சு. உள்ள கரி அடைக்கும், தட்டணும்னு எங்களுக்குத் தெரியல. யாரும் சொல்லவும் இல்ல. அடைச்சுப்போயி பொகையெல்லாம் வீட்டுக்குள்ள திரும்பிருச்சு. மாமா கோவத்துல குழாயைப் புடுங்கி எறிஞ்சுட்டாரு."

மகன் வெல்டரைக் கூப்பிட்டு, குழாயின் அடியில் கரியை வழித்தெடுக்க மூடியோடு ஒரு வாய் வைக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை. மிக்ஸர் மெஷின் ஓட ஆரம்பிக்கும் முன்னால், கொத்தனார் உறையின் நடுவிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினார். கீழே, தரையில் சுண்ணாம்பால் குறித்த இடத்தில் அம்மா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். குண்டு ஆடி ஆடி நின்றது. குறியிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி நின்றது.

"கொஞ்சம் கெழக்கே... இன்னும் கொஞ்சம்... அங்கதான், நிறுத்துங்க!"

உறையை அந்த இடத்திலேயே கம்பியோடு சேர்த்துக் கட்டி, உள்ளே மணலைக் கொட்டி, சாக்கால் மூடினார்கள். பத்து மணிக்குக் காங்கிரீட் அதைச் சுற்றி நிரம்பியது.

பால் காய்ச்சிய அன்று, அடுப்பு முதலில் சதி செய்தது. பற்றவைத்ததும் புகை முழுக்க முகத்துக்கே வந்தது. வீட்டில் எல்லோரும் மகனைப் பார்த்தார்கள். அம்மாதான் நிதானமாக எழுந்துபோய் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினார். அது அறையின் காற்றை வெளியே இழுக்க, குழாய் வழியாகப் புகை திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்தார். குழாயின் அடிவாயைத் திறந்து, காய்ந்த ஓலை ஒரு கைப்பிடியைக் கொளுத்தி உள்ளே காட்டினார். சில்லென்று இருந்த குழாய் சூடேறியது. 'குப்'பென்று ஒரு சத்தம். அடுப்பின் தீ நாக்கு குழாய்ப் பக்கம் சாய்ந்தது.

பேத்தி மாடிக்கு ஓடினாள். "அப்பத்தா, புகை இங்க வருது!"

அம்மாவின் இருமல் போய்விடவில்லை. மார்கழி வந்தால் இன்ஹேலர் வேண்டியிருக்கிறது. ஆனால், தளம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் பேத்தியின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'கரி'.

அன்றைக்குக் குழாய்க்குள் பிரஷ்ஷை விட்டுக் கரியைத் தட்டுவது மகனின் வேலை. அது அம்மாவின் உத்தரவு.