முதலில் வீலைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பேத்தி ஸ்கேட்டிங் செய்யும் படத்தைப் போட்டதிலிருந்து இரண்டு கேள்விகள் மாறி மாறி வருகின்றன. உறவுக்காரர்கள், "பொம்பளைப் பிள்ளை, விழுந்து கை கால் ஒடிஞ்சா என்ன பண்றது?" என்கிறார்கள். பிள்ளைகளை இதில் சேர்த்திருக்கும் பழைய மாணவர்கள், "எந்த வீல் வாங்கலாம் சார்?" என்கிறார்கள். இரண்டுக்கும் பதில் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

செய்திகளில் நாம் அதிகம் பார்ப்பது வேகப் போட்டி. ஒரே வரிசையில் வீல் வைத்த இன்லைன் ஸ்கேட்டில் ஓடுவது. பேத்தி செய்வது ஆர்டிஸ்டிக். பனித்தரையில் ஆடுவதை டிவியில் பார்த்திருப்பீர்களே, அதையே சாதாரணத் தரையில் வீலோடு ஆடுவது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இரண்டு வெண்கலம் வென்றது இதில்தான். அவள் போடுவது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு வீல் கொண்ட குவாட் ஸ்கேட். 1863இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் பிளிம்டன் காப்புரிமை பெற்ற அமைப்பு இதற்கு அடிப்படை. உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் வீல்கள் அந்தப் பக்கம் வளைந்து போகும். ஆகவே இந்த ஆட்டத்தில் பிள்ளை பாதி நேரம் சாய்ந்தபடிதான் ஓடுகிறாள். அந்த நேரத்தில் வீல் தரையைப் பிடிக்காவிட்டால் விழ வேண்டியதுதான்.

போன வருடம் அவள் திறந்தவெளி சிமெண்ட் தரையிலிருந்து பூச்சுப் போட்ட வழுவழுப்பான உள்ளரங்கத் தரைக்கு மாறினாள். மருமகன் ஆசையாகப் புது வீல் வாங்கி வந்தார். "பெரிய போட்டிக்காரங்க போடுறது இதுதான்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பிள்ளை விழ ஆரம்பித்தாள். ஒற்றைக் காலில் முன்னால் வந்து அப்படியே பின்பக்கமாகத் திரும்பும் த்ரீ டர்ன், அவளுக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது, அதில்தான் விழுந்தாள். மூன்று வாரம் இப்படியே போனது. "தரையைக் கண்டு பயப்படுறா" என்றார்கள். நிறுத்திவிடலாமா என்று மகள் யோசித்தாள். ஒருநாள் இடுப்பில் வீக்கத்தோடு வந்து, "தாத்தா, எனக்கு இது வராது போல" என்றாள் பேத்தி.

இயற்பியல் வாத்தியாராக இருந்தவனுக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. "எனக்குக் கணக்கு வராது சார்" என்று உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்! அதை ஒத்துக்கொள்வதற்கு முன் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வீல்களைக் கழற்றி, பக்கவாட்டில் அச்சிட்டிருந்ததைப் படித்தேன். விட்டம் 57 மி.மீ., கடினம் 97ஏ.

அந்த 'ஏ' என்பது ஷோர் ஏ அளவுகோல். ஆல்பர்ட் ஷோர் 1920களில் கொண்டுவந்தது. ஒரு மழுங்கிய ஊசியைப் பொருளின் மேல் அழுத்தி அது எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எண் கூடினால் கடினம் கூடுகிறது. இன்றைய வீல்கள் பாலியூரித்தேனால் ஆனவை. எடை ஏறும்போது வீல் கொஞ்சம் அமுங்கி, தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களைக் கவ்விக்கொள்கிறது. அதுதான் பிடிப்பு. பேத்தியின் எடை 28 கிலோ. 60 கிலோ ஆள் அமுக்கும் வீலை அவளால் எப்படி அமுக்க முடியும்?

மூத்த பெண் ஒருத்தியிடம் 90ஏ வீல்களை இரவல் வாங்கினோம். அதே தரை, அதே நேரம், அதே ஸ்கேட், அதே த்ரீ டர்ன். வீலை மட்டும் மாற்றினோம். லேபில் நான் ஓயாமல் சொல்வேனே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று, அதேதான். பழைய வீலில் பத்துக்கு ஏழு முறை வழுக்கியது. இரவல் வீலில் ஒரே ஒரு முறை. பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

ஆகவே வாங்கும்போது முதலில் தரையைப் பாருங்கள். சொரசொரப்பான வெளித் தரைக்கு 78 முதல் 85 வரை. உள்ளரங்கத்துக்கு ஏறக்குறைய 88க்கு மேல். தரை வழுக்க வழுக்க எண் குறைய வேண்டும். அடுத்து எடை. ஒல்லிப் பிள்ளைக்குக் கொஞ்சம் மென்மையானது. மூன்றாவதுதான் ஆட்டம். ஸ்பின் செய்ய வீல் சற்று வழுக்கித்தான் ஆக வேண்டும். மிக மென்மையான வீல் தரையில் ஒட்டிக்கொண்டால் உடம்பு திரும்பும், கால் திரும்பாது, முட்டி வாங்கிக்கொள்ளும். ஆகவே மென்மை என்றாலே பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். ஃப்ரீ ஸ்கேட்டிங்குக்கு 57 மி.மீ. விட்டம் வழக்கம். தரையில் வரைந்த வட்டத்தின் மேல் கோடு பிசகாமல் ஓடும் ஃபிகர்ஸுக்கு 60, 63 மி.மீ. போடுவார்கள்.

பேரிங் விஷயத்தில் ஏபெக் 7, ஏபெக் 9 என்று எண் சொல்லி விலையை ஏற்றுவார்கள். அந்த எண் தயாரிப்பு எவ்வளவு துல்லியம் என்பதைத்தான் சொல்லும். குதித்து இறங்கும் எடையை எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. கவனிக்க வேண்டியது ஆக்ஸில் அளவு. பொதுவாக 8 மி.மீ., சில வெளிநாட்டு ஸ்கேட்டுகளில் 7 மி.மீ. அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இனி பராமரிப்பு. எங்கள் வீட்டில் ஞாயிறு காலை இதற்குத்தான். பேத்தியே செய்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பயிற்சி முடிந்ததும் ஈரத் துணியால் வீலைத் துடைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் தூசி ஒன்றே போதும் வழுக்க. பேரிங்கோடு தண்ணீரில் முக்கக் கூடாது. உள்விளிம்பு சீக்கிரம் தேயும் என்பதால் வீல்களுக்கு எண் போட்டு, இடது வலது, முன் பின் என்று மாற்றி மாட்டுகிறோம். நட்டை முழுக்க இறுக்கி, பிறகு வீல் தாராளமாகச் சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் தளர்த்துவோம். கையால் பக்கவாட்டில் ஆட்டினால் மெல்லிய அசைவு தெரிய வேண்டும். நட்டுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்து, கையாலேயே சுற்ற முடிகிறது என்றால் புது நட்டுதான்.

ஒரு ஜோடிக்கு 16 பேரிங். கரகரவென்று சத்தம் வருவதை மட்டும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவோம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். எண்ணெய் வீலின் மேல் பட்டால் துடைத்துவிட வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தில் பேரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஸ்கேட்டைப் பையிலேயே மூடி வைக்காதீர்கள். மே மாத வெயிலில் கார் டிக்கியிலும் போட்டுவைக்காதீர்கள். வெயிலும் சூடும் ஈரமும் யூரித்தேனுக்கு ஆகாது. விரிசலோ தட்டையான இடமோ தெரிந்தால் அந்த வீலுக்கு ஓய்வு கொடுங்கள். புது வீலில் பளபளப்பான மேல்தோல் இருக்கும். அது போகும்வரை சில நாள் வழுக்கும். போட்டிக்கு முந்தின நாள் புது வீல் மாட்டவே கூடாது.

இப்போது உறவுகளுக்கு. பேத்தி இன்னும் விழுகிறாள். புதிதாக ஒன்று பழகும்போது விழாமல் இருக்க முடியாது. முட்டிக் கவசமும் மணிக்கட்டுக் கவசமும் பழகும்போது கட்டாயம். ஆனால் அவள் இப்போது விழுந்தால் எழுந்து முதலில் வீலைத் திருப்பிப் பார்க்கிறாள், தரையைக் கையால் தடவிப் பார்க்கிறாள், பிறகு தன் கால் எங்கே இருந்தது என்று யோசிக்கிறாள். இதுவரை பரிசு எதுவும் வாங்கவில்லை. "எனக்கு வராது" என்ற பேச்சையும் எடுக்கவில்லை. அவளை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாணவர்களே, வீல் வாங்கும் முன் கேட்க வேண்டுமானால் மூன்று தகவல் அனுப்புங்கள்: தரையின் படம், பிள்ளையின் எடை, இப்போதைய வீலில் அச்சிட்டிருக்கும் எண். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பிசிக்ஸ் வாத்தியார்